உடன் வந்தவர் பெயர்

பதினையாயிரம் காஸ். படுக்கை மெதுவாக நகர்ந்து என் தலை இந்த வெள்ளைக் குழாய்க்குள் நுழைந்தபோது மனதில் ஓடியது ஜெபமல்ல, இந்த எண்தான். எனக்கு எப்போதும் முதலில் எண் வரும், பயம் பின்னால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வரும். அறுபத்திரண்டு வயதில் இந்த வரிசையை மாற்ற முடியாது. பூமியின் காந்தப்புலம் அரை காஸ். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மாதா படத்தின் காந்தம் ஐம்பதோ நூறோ. இந்த ஸ்கேன் இயந்திரம் பதினையாயிரம். நான் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து படித்த நட்சத்திரங்களுக்கு, ஒன்றுக்குப் பின்னால் பதினைந்து சுழியம். ஆக, அவற்றில் ஒன்று இந்த இயந்திரத்தைவிட ஆறாயிரத்து அறுநூறு கோடி மடங்கு, சில்லறை தனி. கணக்கு சரிதானா என்று இன்னொரு முறை போட்டுப் பார்க்கிறேன். சரிதான். மூக்கில் அரிக்கிறது. "சார், மூக்கு, கண்ணு, எதுவும் அசைக்காதீங்க, அசைச்சா படம் கலங்கிடும்" என்று நிலோஃபர் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டும் பெண். மூக்கை அசைக்கத் தெரிந்தவர்கள் முயல்கள் மட்டும்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தலையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு, காதில் பஞ்சு, வலது கையில் ரப்பர் குமிழ். முடியவில்லை என்றால் அதை அழுத்த வேண்டும், வெளியே இழுத்துவிடுவார்கள். இடது கையில் ஊசி முன்கூட்டியே சொருகி வைத்தாகிவிட்டது, தேவைப்பட்டால் மருந்து ஏற்ற. தேவைப்படாது. நூற்றுக்கு எழுபது பேருக்குத் தேவைப்படாது என்று நானாகவே ஒரு சதவீதம் வைத்திருக்கிறேன், ஆதாரம் கிடையாது. மூன்று வாரமாக இடது கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் வெட்டுகிறது. கால் நொடி, அரை நொடி. பாத்திரம் கழுவும்போது, பேப்பர் படிக்கும்போது, ஒரு முறை பூசையில் நற்கருணை உயர்த்தும் நேரத்தில். மற்றவர்களாக இருந்தால் அதைக் காட்சி என்றிருப்பார்கள். நான் மணி பார்த்து எழுதிக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. நேரம், நீளம், பிரகாசம் ஒன்று முதல் ஐந்து வரை. டாக்டரிடம் வரைபடமாகவே கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இத வச்சு நான் என்ன பண்ண?" என்றார். சீரான இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள், சின்ன வெட்டுகள் அதிகம், பெரியவை குறைவு, காந்த நட்சத்திரங்களின் எக்ஸ் கதிர் வெடிப்புகளும் இதே மாதிரிதான், என்றேன். அவர் தலைக்கு ஸ்கேன் என்று எழுதினார். எதற்காக எழுதினார், வெளிச்சத்துக்கா, வரைபடத்துக்கா, தெரியவில்லை.

டக் டக் டக் டக் என்று ஆரம்பித்துவிட்டது. யாரோ தகரக் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். இந்தச் சத்தத்தைப் பற்றி எல்லாரும் எச்சரித்தார்கள். சத்தம் பரவாயில்லை, இடையில் வரும் மௌனம்தான் சரியில்லை. காலையில் முன்மேசையில் நடந்தது மௌனத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. படிவத்தில் பெயர், வயது, எடை, உடலில் இரும்பு உண்டா, எல்லாம் ஒழுங்காக நிரப்பினேன். "உடன் வந்தவர் பெயர், உறவு" என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். நிலோஃபர்தான் அப்போது மேசையில் இருந்தாள். "கூட யாரு சார் வந்திருக்காங்க?" யாரும் இல்லை என்றேன். "யாருமே இல்லையா?" இந்த "மே"யை ஏன் சேர்க்கிறார்கள். "ஊசி போடறதா இருந்தா கூட வந்தவங்க கையெழுத்து வேணும் சார்." நானே போடுகிறேன், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். "பேஷன்ட் கையெழுத்து வேற, கூட வந்தவங்க கையெழுத்து வேற." வெளியே ஆட்டோக்காரர் நிற்கிறார், கூடத்தான் வந்தார், பெரம்பூரிலிருந்து. "ஆட்டோக்காரர் உங்களுக்கு என்ன முறை வேணும்?" பக்கத்து நாற்காலியில் கால் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "மச்சான்னு போடுங்க சார், ஆட்டோக்காரங்க எல்லாரும் நமக்கு மச்சான்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்தச் சொல் என்னை எங்கேயோ இடித்தது. "சரி, ரத்த சொந்தம் யாராவது, நம்பர் மட்டும் எழுதுங்க. ஊசி தேவைப்பட்டா மட்டும் போன் பண்ணி, சரின்னு சொன்னா போடுவோம். இல்லன்னா தொந்தரவு பண்ண மாட்டோம்." தேவைப்பட்டால் மட்டும். எழுபது சதவீதம் தேவைப்படாது. அந்த எழுபதை நம்பி எழுதினேன்: செசிலி. உறவு: அக்கா. எண்ணும் எழுதினேன். மனப்பாடமாகத் தெரிந்த எண். இருபது வருடத்தில் ஒரே ஒரு முறை அழைத்த எண். அன்று எடுத்தது அக்கா மகள். அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க மாமா, என்றாள். பின்னால் அக்கா இருமியது எனக்குக் கேட்டது.

துணை. எங்கள் துறையிலும் முதல் கேள்வி அதுதான். சாதாரணமாக எக்ஸ் கதிர் வீசும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் இருக்கும். இது அதிலிருந்து வாயுவை உறிஞ்சும், விழும் வாயு சூடாகும், வெளிச்சம் வரும். குடும்ப வாழ்க்கை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு, பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். ஆனால் சில நட்சத்திரங்கள் பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக நின்று வெடித்தன. எதைத் தின்று எரிகிறது இது என்று பெரிய பெரிய ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பதில் வரப் பல வருடமாயிற்று: தன்னைத்தானே. செத்துச் சுருங்கிப்போன நட்சத்திரம், அதற்குள் மாட்டிக்கொண்ட அசுரக் காந்தப்புலம். அந்தப் புலம் முறுக்கிக்கொண்டே போகிறது, மேல் ஓடு தாங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் விரிசல் விடுகிறது. அதைத்தான் நாங்கள் எக்ஸ் கதிர் வெடிப்பு என்று பதிவு செய்கிறோம். மேக்னட்டார் என்று பெயர். பக்கத்தில் போனால் அணுக்களே உருண்டையாக இருக்க முடியாது, முருங்கைக்காய் மாதிரி நீண்டுவிடும். அளவு என்னவோ சின்னதுதான். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு முற்றம் அதன் மையம் என்று வைத்தால், வேளாங்கண்ணியில் தரை முடிந்துவிடும். இந்த உதாரணத்தையும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன், 2004 வரைக்கும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் வெடிப்புச் செய்திகள் என் போனுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பட்டியலிலிருந்து என் எண்ணை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. நீக்குங்கள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. என்னைத் தேடி வரும் செய்திகள் இரண்டே வகை: கேஸ் ஏஜென்சி, வானம். பெட்டகத்தில் பூட்டி வைத்த போன் இப்போதுகூட அதிர்ந்துகொண்டிருக்கலாம். எங்கோ ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கலாம். ஒளி கிளம்பியபோது மனிதர்கள் குகையில் இருந்திருப்பார்கள், வந்து சேரும்போது அதைப் படிக்க வேண்டியவன் கையில் ஊசியோடு படுத்திருக்கிறான்.

சத்தம் நின்றது. வழக்கமான மௌனம் என்று நினைத்தேன், ஆனால் நீண்டது. அடியில் எங்கோ குளிர்விக்கும் பம்ப் மட்டும் குருவி மாதிரி கீச்சிட்டது. எண்ணிப் பார்த்தேன், அறுபத்தி நாலு கீச்சு. பிறகு தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது. "சார், அசையாதீங்க, நான் பேசறேன் கேளுங்க. டாக்டர் படம் பாத்தாரு. ஊசி போட்டு இன்னொரு வாட்டி எடுக்கணும்ங்கிறாரு. பயப்படாதீங்க, அவரு நெறைய பேருக்கு இப்படிக் கேப்பாரு. உங்க அக்காவுக்குப் போன் போடறோம், அவங்க சரின்னா உடனே போட்டுடலாம்." கரகரப்பு அடங்கியது. முப்பது சதவீதத்துக்குள் வந்துவிட்டேன். படத்தில் ஏதோ இருக்கிறது. என்ன, எங்கே, எத்தனை மில்லிமீட்டர். நியாயமாகப் பார்த்தால் நான் இதற்குத்தான் பயப்பட வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்வதோ வேறொன்றுக்கு: நாகப்பட்டினத்தில் அடிக்கப்போகிற ஒரு போனுக்கு. யாரோ ஒரு பெண் பேசுவாள், உங்க தம்பி அருளப்பன் இங்க ஸ்கேன்ல இருக்காரு என்பாள். எந்தத் தம்பி என்று அக்கா கேட்டால்? கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. தம்பி எனக்கு இல்லையே என்று சொன்னாலும் அதைத் திருத்த என்னிடம் ஒரு தகவலும் இல்லை. 2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிறு காலை, கடல் வந்தபோது அக்காவின் கணவர் பிலவேந்திரன் மச்சான் வேளாங்கண்ணிக் கரையோரம் தன் மெழுகுதிரிக் கடையைத் திறந்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கூட்டம் இருக்கும். நான் பெங்களூரில். அன்றும் மறுநாளும் லைன் கிடைக்கவில்லை, கிடைத்தபோது அக்கா, தேடிக்கிட்டு இருக்கோம்டா என்றாள். கடல் வந்து நாற்பத்திரண்டு மணி நேரம் கழித்து, தனுசு ராசித் திசையில் ஒரு மேக்னட்டார் வெடித்த ஒளி பூமிக்கு வந்து சேர்ந்தது. சூரியன் ஒன்றரை லட்சம் வருடத்தில் கொட்டுவதைக் கால் நொடிக்குள் கொட்டியது. சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்களின் கண்கள் கூசிப்போயின. எங்கள் அறையில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வெடிப்புக்குப் பின் அது ஏழரை நொடிக்கு ஒரு முறை துடித்தது. ஏழரையா, ஆகாது சார், என்று யாரோ சொல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மேசைப் போன் அடித்தது. "அருளு, அவரு கெடச்சுட்டாருடா. சாயங்காலம் அடக்கம்." இவ்வளவுதான் சொன்னாள். நான் தூங்கி ஒன்றரை நாளாகியிருந்தது. யார் மேலும் குற்றம் இல்லை, பாறை இறுகிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் உடையும், எங்கேயும் அப்படித்தான், என்று ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது இது: "அக்கா, நட்சத்திரத்துலகூட நிலநடுக்கம் வந்திருக்கு. நேத்து ராத்திரி. இது மாதிரி பார்த்ததே இல்ல." அக்கா கேட்டாள், ரொம்ப நிதானமாக: "அப்படியா. அங்க எத்தன பேருடா செத்தாங்க?" அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். அழுதிருக்கலாம். கேள்வி என்று ஒன்று கேட்டால் பதில் சொல்லியே பழக்கப்பட்ட ஜென்மம். "யாரும் இல்ல அக்கா. அங்க ஆளே கிடையாது" என்றேன். அடக்கத்துக்குப் போகவில்லை. கட்டுரையை அனுப்பிவிட்டுப் போனேன். வா என்றாள், காப்பி வந்தது, கிளம்பும்போது அவள் எழுந்திருக்கவில்லை.

ஒலிபெருக்கி. "சார், ரிங் போகுது, எடுக்கல. திரும்பப் போடறேன்." சரி, எடுக்கவில்லை. தெரியாத எண் என்றால் இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள். அறுபத்தெட்டு வயது, மதியச் சமையல் நேரம், பேரப்பிள்ளைகள் இருக்கலாம், அல்லது போன் கட்டிலில் கவிழ்ந்து கிடக்கலாம். அல்லது எண் மாறியிருக்கும். ஆம், எண் மாறியிருக்கும், வேறு யாரோ எடுப்பார்கள், ராங் நம்பர், எல்லாருக்கும் சௌகரியம். உள்ளங்கையில் ரப்பர் குமிழ் வியர்வையில் வழுக்குகிறது. இதை இப்போது அழுத்தினால் வெளியே இழுத்துவிடுவார்கள். ஊசி வேண்டாம், நான் மறுக்கிறேன், பேஷன்ட் கையெழுத்துப் போதும், என்று எழுந்து போகலாம். போனை வைக்கச் சொல்லிவிடலாம். படத்தில் இருப்பது இன்னும் ஒரு மாதம் பெயரில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும். அழுத்தினால் அக்காவின் பதில் எனக்குத் தெரியவே தெரியாது. அதுதான் அழுத்துவதன் லாபம். அளக்காத வரைக்கும் இரண்டு விடையும் உயிரோடு இருக்கும். இல்லை, இது கோழையின் இயற்பியல், இதற்கு எந்தப் பாடப்புத்தகமும் பொறுப்பல்ல. நான் அளக்கிறவன், நாற்பத்தொரு வெட்டை மணி பார்த்து எழுதியவன். ஒரு போனை மட்டும் இருபது வருடமாக அளக்கவில்லை. விரல்கள் குமிழின் மேல் மூடின. கொஞ்சம் இறுகின. இறுக்கிய விரல்களை ஒவ்வொன்றாக, சுண்டுவிரலில் ஆரம்பித்து, எடுத்தேன். குமிழ் வயிற்றின் மேல் உருண்டு பக்கத்தில் எங்கோ விழுந்தது. இனி நினைத்தாலும் எட்டாது. இப்போது பயம் வந்து சேர்ந்துவிட்டது, செருப்பு ஒன்றையும் காணோம், வெறுங்காலோடு.

"சார்." நிலோஃபரின் குரலில் மூச்சு வாங்கியது. "எடுத்துட்டாங்க சார். அக்காவான்னேன், ஆமா அக்காதான், அவனுக்கு என்னன்னாங்க. கண்ணுல வெளிச்சம் வெட்டுதாம், மூணு வாரமாம்னேன். மூணு வாரமா யாருகிட்டயும் சொல்லாமயே இருந்தானான்னு என்னயத் திட்டறாங்க சார். நான் என்ன பண்ணேன். ஊசி போடச் சொல்லிட்டாங்க. அப்புறம், உங்ககிட்ட பேசணுமாம். நீங்க பேசக் கூடாது, தாடை அசைஞ்சா போச்சு. கேக்க மட்டும் செய்ங்க. போன மைக்குகிட்ட வைக்கறேன்." ஏதோ உரசியது. தூரத்தில் குக்கர் ஒன்று விசிலடித்தது, யாரோ அதை அணைத்தார்கள். பிறகு தலைக்கு மேலே, கூண்டுக்கு வெளியே, நான் அடையாளம் தேட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு குரல். "அருளு." இடது கையில் மருந்து ஏறுவது குளிர்ச்சியாக முழங்கைக்கு மேலே தெரிந்தது. கடோலினியம், அதுவும் காந்தத்துக்கு மயங்கும் உலோகம், என்று எண்ணம் ஓடிப் போய்ப் பாதியில் நின்றது. "பேசாதடா, அசையக் கூடாதாம். இப்பயாச்சும் நீ வாய மூடிக்கிட்டுக் கேளு." குரல் உடைந்து, இருமி, சரியானது. "எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் கோவம் எங்க போச்சுன்னு தெரியல, பேசாம இருந்த பழக்கம் மட்டும் அப்படியே தங்கிப் போச்சு. நீயும் கூப்பிடல." டக் டக் டக் டக். தகரக் கொட்டகையைத் திரும்பப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியை அணைக்க நிலோஃபர் மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை. சத்தத்துக்கு அடியில் அக்கா பேசிக்கொண்டே போகிறாள், சொல் எதுவும் பிடிபடவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் வருகிறது, ஜெபமாலை சொல்வது போல, இல்லை, யாரையோ அடுக்களையிலிருந்து ஏசுவது போல. சத்தம் நிற்கும்போது ஒரு துண்டு விழுகிறது: "...மூத்தவளுக்கு ரெண்டாவதும் பொண்ணு, உன் மூக்கு..." மறுபடி டக் டக். "...மச்சானுக்கு உன்ன நெனச்சு அம்புட்டுப் பெரும தெரியுமா..." தெரியாது. இது தகவல் பிழை. பிலவேந்திரன் மச்சானுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. மேலேயே பார்த்துக்கொண்டு நடக்கிறவன் சாக்கடையில்தான் விழுவான் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். அக்காவுக்கும் அது தெரியும், பக்கத்தில்தான் நின்றாள். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுப் பஞ்சை நனைக்கிறது. நீர் அசைவாகுமா என்று நிலோஃபர் சொல்லவில்லை. படத்தில் என்ன இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும், இன்னும் எத்தனை நிமிடம் என்று நான் எண்ணவில்லை. சத்தம் நின்றது. "அருளு, கேக்குதாடா?" பம்ப் கீச்சிட்டது. என் தாடை கூண்டுக்குள் பூட்டிக் கிடந்தது. "என்னம்மா இது, பதிலே காணோம், அவனுக்குக் கேக்குதா இல்லையா?" "கேக்குதும்மா" என்றாள் நிலோஃபர். "நல்லா கேக்குது. இங்க ஸ்கிரீன்ல தெரியுது, நீங்க பேசுங்க." அப்படியெல்லாம் எந்தத் திரையிலும் தெரியாது. இயந்திரம் எடுப்பது வேறு வகைப் படம். ஒருவன் கேட்கிறானா என்பது அதில் வரவே வராது. வெளியே போனதும் இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.